மூடியை இழுத்தேன், மோட்டாரை இழுக்கவில்லை

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியவை அலுவலகப் படிவங்களும் கடைக்குக் கொண்டுபோகும் துண்டுகளும்தான். உங்களில் பாதிப் பேர் பல்கலைக்கழகத்தில் ராக்கெட்டைப் பற்றியே படிப்பவர்கள். உங்களுக்கு நான் என்ன சொல்லிவிட முடியும் என்று இரண்டு கிழமை பேனாவைத் தொடாமல் இருந்தேன். உங்களில் ஒருத்தியான நிவேதாதான் விடவில்லை. "மேனுவல் எங்ககிட்ட இருக்குக்கா. அதுல இல்லாததை எழுதுங்க, ஒரு பக்கம் போதும்" என்றாள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

வரும் வசந்தகாலத்திலிருந்து ஏவுமுன் ஒவ்வொரு ராக்கெட்டையும் பார்க்கிற எங்கள் ராக்கெட் கழகத்தின் சோதனை மேசைக்கு நீங்கள் நான்கு பேரும் வருகிறீர்கள். பதினொரு ஆண்டுகள் அந்த மேசையில் நின்றவள் நான். இப்போது வலது பெருவிரல் மூட்டு தேய்ந்துபோய், எதைப் பிடித்து இழுத்தாலும் வலிதான் தெரிகிறது, பொருள் தெரிவதில்லை. பொருள் தெரியாத கை அந்த மேசைக்கு உதவாது. அதனால் விலகிக்கொண்டேன்.

நான் அங்கே வந்து சேர்ந்தது தற்செயல். கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு சிறிய லேத் பட்டறையில் எனக்கு வேலை. ஒருநாள் அலுமினிய வளையங்களும் அவற்றுக்குத் திருகு மூடிகளும் ஓர் ஆர்டராக வந்தன. வளையத்தை ராக்கெட்டின் வாலில் ஒட்டிவிடுவார்கள். மோட்டாரை உள்ளே செருகி, மூடியைத் திருகினால் மோட்டார் பின்பக்கமாக வெளியே வராது. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. பொருளை வாங்கிப்போக வந்த பிர்கிட்டிடம் இது எதற்கு என்று கேட்டேன். பிர்கிட் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். கழகத்தின் ஏவுதளத்துக்குப் பொறுப்பானவளும் அவள்தான். "சனிக்கிழமை வந்து பார்" என்றாள். போனேன். இரண்டாம் ஆண்டு என்னை மேசையில் நிறுத்தினாள். அந்த இடத்துக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. மேசையில் நிற்பவருக்கு ராக்கெட் பறப்பது தெரியாது, அடுத்த ராக்கெட்டின் வால்தான் தெரியும். "நீ பேசமாட்டாய். மேசைக்கு அதுதான் நல்லது" என்றாள் பிர்கிட். அவள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைத்தான் எழுத வந்தேன்.

மோட்டாரை ஏன் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். எரியும்போது மோட்டார் முன்பக்கமாகத்தான் தள்ளுகிறது, அப்போது அது எங்கும் விழாது. ஆபத்து உச்சியில். எரிந்து முடிந்து சில விநாடிகளில், மோட்டாரின் முன்முனையில் இருக்கும் கொஞ்ச வெடிமருந்து உடலுக்குள்ளே வெடித்து, மூக்கையும் பாரசூட்டையும் வெளியே தள்ள வேண்டும். மோட்டார் தளர்வாக இருந்தால் அந்தத் தள்ளல் அதையே பின்னால் உதைத்துவிடும். பாரசூட் உள்ளேயே இருந்துவிடும். சூடான அலுமினியக் குழாய் ஒன்று ஆட்கள் நிற்கும் வயலில் வந்து விழும்.

மேசையில் நின்ற முதல் ஆண்டு நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபது வயதை நெருங்கிய ஒருவர் சிவப்பு நிறத்தில் ஓர் அழகான ராக்கெட்டைக் கொண்டுவந்தார். வழக்கம்போல மூடியைப் பிடித்து இழுத்தேன். மூடி, வளையம், ஒட்டிய பசை எல்லாம் ஒன்றாக என் கையோடு வந்துவிட்டன. வழுவழுப்பான குழாயை உரசாமலே ஒட்டியிருக்கிறார். சூட்டில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறது.

"ஐந்து முறை பறந்த ராக்கெட் இது. உடைத்துவிட்டாயே. உன்னை யார் இங்கே வைத்தது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

எனக்கு முகம் கொதித்தது. வளையத்தை அவர் முன்னால் வைத்து, "நோஹ் மால், பிட்டே" என்றேன். மறுபடியும், தயவுசெய்து. அவ்வளவுதான். சொல்லிவிட்டு வரிசையில் அடுத்தவரைப் பார்த்தேன். அவர் திட்டிக்கொண்டே போனார். அடுத்த ஏவுநாளில் குழாயை நன்றாக உரசி, சூடு தாங்கும் பசையால் ஒட்டிக்கொண்டு வந்தார். வாலை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அன்றிலிருந்து அந்த மூன்று சொற்கள்தான் என் கருவி. பொறியியலாளர்களிடமும் சொன்னேன், ஒரு பல்வைத்தியரிடமும் சொன்னேன், பிர்கிட்டிடமே இரண்டு முறை சொன்னேன். கூச்சமுள்ளவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: அந்நிய மொழியில் மறுப்பது சுலபம். வேலைக்கு மாட்டுகிற கோட்டு மாதிரி அது. அதற்குள் நான் இல்லை.

இனி கார்த்திக்கின் கதை. அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகள் கழித்து, ஓர் ஆண்டின் கடைசி ஏவுநாட்கள், சனியும் ஞாயிறும். அதற்குப் பிறகு வயல்காரர் உழுதுவிடுவார், வசந்தகாலம் வரை எதுவும் கிடையாது. கார்த்திக் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், கார்ல்ஸ்ரூஹேயில் முதுகலை படித்துக்கொண்டிருந்தான். அவனும் ஐந்து மாணவர்களும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகப் பெரிய ராக்கெட் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அடுத்த வசந்தத்தில் வெளிநாட்டில் ஒரு போட்டி. பெரிய மோட்டாரை ஏவச் சான்றிதழ் பெற்ற ஒருவர் குழுவில் இருந்தால்தான் சேர்ப்பார்கள், பெயரை அந்த மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். சான்றிதழ் வைத்திருந்த பெண் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். அதனால் கார்த்திக் இந்த வாரக் கடைசியில் சொந்தமாகக் கட்டிய வேறொரு ராக்கெட்டை ஏவி, பாரசூட்டில் முழுதாக இறக்கிக் காட்டி, அந்தச் சான்றிதழைப் பெற வேண்டும். இல்லாவிட்டால் ஆறு பேரின் இரண்டு ஆண்டு வேலை கொட்டகையிலேயே கிடக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சனிக்கிழமை மூன்றரை மணிக்கு மேசைக்கு வந்தவுடன் அவனே சொன்னான். விமானக் கட்டுப்பாட்டுக்காரர்கள் நான்கு மணி வரைதான் வானத்தைக் கொடுத்திருந்தார்கள். அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் நின்றார்கள்.

"அக்கா, நீங்க தமிழா? சட்டைல பேரைப் பாத்துட்டுத்தான் இந்த லைன்ல வந்தேன்" என்றான்.

"ஓம், யாழ்ப்பாணம். வையுங்கோ தம்பி."

"அப்பாடா. காலைல இருந்து ஜெர்மன்ல பேசிப் பேசி வாயே சுளுக்கிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மேசையில் அதுவரை யாரோடும் நான் தமிழில் பேசியதில்லை. அவன் போட்டியைப் பற்றிச் சொன்னான், சென்னைக்குப் போன பெண்ணைப் பற்றிச் சொன்னான், நான்கு மணியைப் பற்றிச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டே இறக்கைகளை ஆட்டிப் பார்த்தேன், பாரசூட் கயிற்றைப் பார்த்தேன், மூடியைப் பிடித்து இழுத்தேன். கல் மாதிரி நின்றது. மூடி எங்கள் பட்டறையில் கடைந்ததுதான்.

ஆனால் அவன் ராக்கெட்டின் குழாய் அகலம், மோட்டார் ஒல்லி. இரண்டுக்கும் நடுவே ஓர் அடாப்டர், அதாவது ஒல்லி மோட்டாரை அகலக் குழாயில் பொருத்தும் உறை, இருந்தது. மூடி அந்த உறையைப் பிடித்துக்கொண்டிருந்தது. உறைக்குள் இருந்த மோட்டாரை எது பிடித்திருந்தது என்று நான் பார்க்கவில்லை. மூடியின் நடுத்துளையோ மோட்டார் தாராளமாக வெளியே வரக்கூடிய அளவு.

ராக்கெட்டைத் திருப்பி வைக்கும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

பாரசூட் கயிற்றை மாட்டும் கொளுவியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க விரும்பினேன். வேறு யாராக இருந்தாலும் அந்த மூன்று சொற்களைச் சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. அவனிடம் ஜெர்மனில் சொன்னால் முகத்தில் கதவைச் சாத்தியது மாதிரி இருக்கும். தமிழில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தமிழில் நான் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழகியதே இல்லை. கலியாண வீட்டில் மூன்றாம் முறை சோறு போட வந்தாலும் இலையை மறைக்கத் தெரியாதவள் நான்.

அவன் ராக்கெட்டின் சோதனை அட்டையில் கையெழுத்துப் போட்டேன்.

"தாங்க்ஸ்க்கா. மேல போச்சுன்னா உங்களுக்கு பிரியாணி" என்றான்.

மூன்று ஐம்பதுக்கு ஏவினார்கள். நேராகப் போனது. நான் அடுத்தவருடைய வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. மேலே 'பட்' என்று வெடித்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கைதட்டல் கேட்கவில்லை. பிர்கிட் ஒலிபெருக்கியில் "தலைக்கு மேலே பாருங்கள், எல்லோரும் மேலே பாருங்கள்" என்றாள். மோட்டார்க் குழாய் தனியாகச் சுழன்றுகொண்டு வந்து வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு கார்களுக்கு நடுவே விழுந்தது. அங்கே ஒரு பெண் பின்கதவைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் குழாய்க்கும் நடுவே மூன்று எட்டு வைக்கும் தூரம். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. பெட்டியைக் கீழே போட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

ராக்கெட்டின் மூக்கு மட்டும் கழன்றிருந்தது, பாரசூட் குழாய்க்குள்ளேயே சிக்கியிருந்தது. கயிற்றில் தொங்கிய இரண்டு துண்டுகளாகப் புரண்டு வந்து, பக்கத்து வயலின் பீட் கிழங்கு இலைகளுக்குள் விழுந்தது. ஓர் இறக்கையின் மூலை உடைந்ததைத் தவிர உடலுக்குச் சேதமில்லை.

பிர்கிட் நசுங்கிய மோட்டார்க் குழாயையும் என் கையெழுத்துப் போட்ட அட்டையையும் மேசையில் வைத்தாள். சுற்றிலும் ஆட்கள். கார்த்திக் அடாப்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இதற்குள் மோட்டாரை எது பிடித்திருந்தது?" என்று பிர்கிட் கேட்டாள்.

"டேப். இரண்டு சுற்று டேப்" என்றான் அவன். "மூடி பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன்."

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் பறப்பு தோற்றால் காரணத்தைப் படிவத்தில் எழுதுவோம். கட்டியவருடைய பிழை என்றால் அவர் அடுத்த பருவத்தில்தான் மறுபடி வரலாம். கழகத்தின் பிழையும் சேர்ந்திருந்தால் அதே வாரக் கடைசியில் இன்னொரு முறை கொடுப்போம். பிர்கிட் பேனாவைத் திறந்து, கட்டியவர் என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

எனக்குப் பின்னால் கார்த்திக்கின் குழுவைச் சேர்ந்த இரண்டு பையன்கள் நின்றார்கள். "டேய், அந்தக்காதானே செக் பண்ணாங்க? அதைச் சொல்லுடா" என்றான் ஒருவன்.

கார்த்திக் திரும்பாமலே, "சும்மா இருடா. டேப் சுத்துனது நான்தான்" என்றான்.

நான் அங்கேதான் நிற்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் குழுவின் இரண்டு ஆண்டும் பிர்கிட்டின் பேனா முனையில் நிற்கிறது என்பதும் தெரியும். என் கையெழுத்தைக் காட்டி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால் நான் ஒருபோதும் முழு வாக்கியம் பேசியதில்லை. பேசினால் மேசை போய்விடும் என்பதும் தெரிந்தது. பட்டறையில் நான் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. ஊர்ச் சங்கத்தில் தேநீர்க் கோப்பை கழுவுகிறவள். இந்த மேசையில்தான் நான் சொன்னால் ஆட்கள் நின்றார்கள்.

கையை நீட்டிப் படிவத்தின் மேல் வைத்தேன். பிர்கிட் நிமிர்ந்தாள்.

"என்ன, வசந்தி?"

"சத்தம் கேட்டது" என்றேன். "மோட்டார் உள்ளே தட்டியது. எனக்குக் கேட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

"கேட்டதா? உனக்கு நிச்சயமா?"

"நிச்சயம்."

"பிறகு ஏன் திருப்பி அனுப்பவில்லை? என்னையே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறாய்."

"அவர் என் மொழியில் பேசினார்" என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிர்கிட் சிரிக்கவில்லை. தரிப்பிடத்தில் பெட்டியைக் கீழே போட்ட பெண் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என் அட்டையை எடுத்துப் பின்பக்கம் இரண்டு வரி எழுதினாள்.

"மேசையும் பிழைவிட்டிருக்கிறது. கட்டியவரும் பிழைவிட்டிருக்கிறார். அவருக்கு நாளைக்கு ஒரு முறை உண்டு, மோட்டாரை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு வந்தால். உனக்கு நாளைக்கு மேசை இல்லை. வசந்தத்தில் பார்க்கலாம்."

"சரி" என்றேன்.

ஆட்கள் கலைந்த பிறகு கார்த்திக் என்னிடம் வந்தான்.

"ஏன்க்கா சொன்னீங்க? நானே ஒத்துக்கிட்டேனே."

"நீங்கள் டேப் சுத்தினதைச் சொன்னீங்கள். எனக்குக் கேட்டதை நான்தானே சொல்லவேணும்."

"மேசை போச்சே உங்களுக்கு."

"ஓம், போயிட்டுது. இஞ்சை வாங்கோ, அந்த அடாப்டரைத் தாங்கோ பாப்பம்."

அவன் கொடுத்தான். உறையின் பின்விளிம்பில் இரண்டு சின்னத் தகடுகளைத் திருகினால் அவை மோட்டாரின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் என்று காட்டினேன். கழகப் பெட்டியில் தகடும் திருகாணியும் இருந்தன. அவனே துளையிட்டான். நான் செய்து கொடுத்தால் அவன் கட்டிய ராக்கெட் ஆகாது. நசுங்கிய மோட்டார்க் குழாய்க்குப் பதிலாகக் கழகத்துக் குழாயை இரவல் கொடுத்தார்கள்.

"இழுத்துப் பாருங்கக்கா" என்று நீட்டினான்.

"நான் இழுக்கேலாது தம்பி. எனக்கு மேசை இல்லை. நாளைக்கு ஆர் நிக்கினமோ அவையிட்டைக் குடுங்கோ."

"அப்ப உங்களுக்கு நாளைக்கு என்ன டியூட்டி?"

"கார் விடுற இடம்."

"சூப்பர். எங்க வண்டிக்கு நிழல்ல ஒரு இடம் போட்டு வைங்க."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மூடியை இழுக்காதீர்கள், மோட்டாரை இழுங்கள். அதன் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். உறை இருந்தால், உறையை எது பிடிக்கிறது, மோட்டாரை எது பிடிக்கிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் வந்தால் மற்றதற்கும் வந்துவிட்டதாக மனம் எண்ணிக்கொள்ளும். உள்ளே சத்தம் கேட்டால் அது என்னவாக இருக்கும் என்று யோசிக்க வேண்டாம். திறந்து பாருங்கள்.

இன்னொன்று. உங்களில் மூன்று பேர் கார்த்திக் படித்த அதே பல்கலைக்கழகம். மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களுடன் ஒரே வீட்டில் இருப்பவர்கள், ஒரே பானையில் சமைப்பவர்கள். அவர்களிடம் மறுப்பது கடினம் என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆள் வந்தால் வாலைப் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிடுங்கள். அதில் வெட்கமில்லை. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால், திருப்பி அனுப்புகிற சொற்களை உங்கள் தமிழில் முதலிலேயே சொல்லிப் பழகி வையுங்கள். நான் வசந்தத்தில் மேசைக்குத் திரும்புமுன் பனிக்காலம் முழுக்கச் சமையலறையில் நின்று, "தம்பி, இது சரியில்லை, திருப்பிக் கொண்டுபோங்கோ" என்று சொல்லிப் பழகினேன். வீட்டுக்காரர் ஒருநாள் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

பிழைவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணிநேரம் கழித்துச் சொல்லியிருந்தால் படிவம் முடிந்திருக்கும், பையன்கள் கிளம்பியிருப்பார்கள். பேசத் தெரியாதவர்கள் கையையாவது வையுங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மேகம் தாழ்வாக இருந்தது. பன்னிரண்டரைக்குத்தான் ஏவ விட்டார்கள். நான் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு வயல் ஓரத்தில் கார்களுக்கு இடம் காட்டினேன். கார்த்திக்கின் ராக்கெட் மூன்றாவதாகப் போனது. பாரசூட் திறந்தது. மாலைக்குள் பிர்கிட் அவன் சான்றிதழ்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். ஐந்து மணிக்கு எல்லாக் கார்களும் போய்விட்டன. தரிப்பிடத்தில் கட்டியிருந்த கயிறுகளைச் சுற்றி எடுத்து பிர்கிட்டின் வண்டியில் வைத்துவிட்டு நானும் ரயிலுக்குப் போனேன்.